பெட்டியை எண்ணிவிட்டுக் கையெழுத்துப் போடுங்கள்: யாழ்ப்பாணத்தில் ஷிப்பிங் கிளார்க் வேலைக்குப் புதிதாக வருகிறவர்களுக்கு

கொழும்பில் இரவு வெளிக்கிட்ட லொறி விடியப்புறம் ஐந்தரை மணிக்கு எங்கள் ஸ்டோர் வாசலில் வந்து நின்றது. நான் வேலைக்குச் சேர்ந்து 11ஆவது நாள். அப்பா சைக்கிளில் கொண்டுவந்து விட்டுவிட்டுப் போயிருந்தார். டெலிவரி நோட்டில் 240 பெட்டி பிஸ்கட் என்று இருந்தது. சாரதி அண்ணைக்கு அவசரம். "தங்கச்சி, கெதியாக் கையெழுத்தைப் போட்டுத் தாங்கோ, நான் சுன்னாகத்திலையும் இறக்கவேணும்" என்றார். போட்டுக் கொடுத்துவிட்டேன்.

சுமை தூக்குகிற நாட்டாமைமார் பெட்டிகளை உள்ளே அடுக்கி முடித்த பிறகு எண்ணினால் 228. திரும்ப எண்ணினேன், 228தான். லொறி எப்போதோ போய்விட்டது. தாளில் 240 என்ற எண்ணுக்குக் கீழே என் கையெழுத்து இருந்தது. பன்னிரண்டு பெட்டியின் காசு மூன்று மாதமாக என் சம்பளத்தில் கழிந்தது. புதிதாக வந்த பிள்ளைக்கு எண்ணச் சொல்லித் தராமல் காசை மட்டும் கழித்தது சரியில்லை என்றுதான் இன்றைக்கும் நினைக்கிறேன். ஆனால் அந்த மூன்று மாதத்தில் இந்த வேலை என்னவென்று எனக்கு நன்றாக விளங்கியது. அதன் பிறகு நான் எண்ணாத பெட்டிக்குக் கையெழுத்துப் போட்டதில்லை.

உயர்தரம் முடித்துவிட்டு வீட்டில் இருக்கிற பிள்ளைகள், சாதாரண தரத்தோடு நிறுத்தியவர்கள், கடையில் நின்று பழகி இனி ஒரு படி மேலே போக விரும்புகிறவர்கள், எல்லோரும் என்னிடம் கேட்பது ஒன்றுதான்: "அக்கா, இந்த வேலைக்கு எப்படி வாறது?" அவர்களுக்காக எழுதுகிறேன்.

முதலில் இது என்ன வேலை

ஷிப்பிங் கிளார்க் என்றாலும் டிஸ்பாச் கிளார்க் என்றாலும் ஸ்டோர் கிளார்க் என்றாலும் யாழ்ப்பாணத்தில் பெரும்பாலும் ஒரே மேசைதான். வருகிற சாமானை எண்ணி எடுப்பது, போகிற சாமானை எண்ணி அனுப்புவது, இரண்டுக்கும் உரிய தாள்களைச் சரியாக எழுதி வைப்பது. அரசாங்கப் பக்கம் களஞ்சியம் என்பார்கள். எங்கள் பாட்டன்மார் கிட்டங்கி என்றார்கள். கொம்பனிகளில் ஸ்டோர், கொஞ்சம் பெரிய இடமென்றால் வெயார்ஹவுஸ்.

"யாழ்ப்பாணத்தில் எங்கே கப்பல் வருகிறது, ஷிப்பிங் கிளார்க் என்று சொல்ல?" என்று கேட்பார்கள். ஒரு காலத்தில் வந்தது மட்டுமல்ல, இங்கேயே கட்டினார்கள். வல்வெட்டித்துறையில் கட்டிய அன்னபூரணி பாய்க்கப்பல் 1938இல் அமெரிக்காவின் குளொஸ்டர் துறைமுகம் வரை போனது. காங்கேசன்துறையிலிருந்து நாகபட்டினத்துக்கு 2023 ஒக்டோபரில் பயணிகள் கப்பலும் தொடங்கியது. ஆனால் கொன்டெய்னர் சரக்கு என்றால் நமக்குக் கொழும்புத் துறைமுகம்தான். அங்கிருந்து ஏறத்தாழ 400 கிலோமீற்றர், வவுனியாவுக்குப் பிறகு முழுக்க ஏ9 வீதி. இந்தத் தூரத்தை மறக்கவேண்டாம். கொழும்பில் இருக்கிற கிளார்க் ஒரு தாளில் பிழை விட்டால் மத்தியானமே போய்த் திருத்திவிட்டு வருவார். நமக்கு அதே பிழைக்கு இரண்டு நாளும் ஒரு லொறி வாடகையும் போகும். அதனால் யாழ்ப்பாணத்தில் பழகிய கிளார்க்குகள் தாள் விஷயத்தில் கொஞ்சம் கூடுதலாகவே கவனமாக இருப்பார்கள். அது நமக்கு நல்ல பெயரும் வாங்கித் தருகிறது.

தேடத் தொடங்கும் முன்

அடையாள அட்டை, பரீட்சைப் பெறுபேறுகள், கிராம அலுவலர் சான்றிதழ், முன்பு எங்காவது வேலை செய்திருந்தால் அங்கிருந்து ஒரு கடிதம். இவ்வளவும் ஒரு பைலில் இருக்கட்டும். பொறுப்பில் சாமான் இருக்கிற வேலை என்பதால் பொலிஸ் நற்சான்றிதழ் கேட்கிற இடங்களும் உண்டு. சுயவிபரக் கோவை ஒரு பக்கம் போதும். "கடின உழைப்பாளி" என்று எழுதுவதைவிட, "மாமாவின் ஹார்ட்வெயார் கடையில் இரண்டு வருடம் இருப்புக் கணக்கு எழுதினேன்" என்று எழுதுங்கள். கோவில் திருவிழாவில் அன்னதானச் சாமான் கணக்குப் பார்த்தவர் என்றால் அதையும் எழுதலாம். கணக்கும் பொறுப்பும் கையில் இருந்ததா என்பதைத்தான் பார்ப்பார்கள்.

எங்கே தேடுவது? பத்திரிகை விளம்பரத்தை மட்டும் பார்த்துக் காத்திருக்காதீர்கள். ஸ்டோர் வேலைகளில் பாதி வாய்வழியாகவே போய்விடும். பிஸ்கட், சவர்க்காரம், பால்மா கொம்பனிகளின் வட மாகாண விநியோகஸ்தர்கள், சுப்பர்மார்க்கெட் கிளைகளின் பின்பக்கக் களஞ்சியங்கள், ஹார்ட்வெயார் மொத்த வியாபாரிகள், மருந்து விநியோகஸ்தர்கள், நண்டும் மீனும் ஏற்றுமதி செய்கிற இடங்கள், அச்சுவேலித் தொழிற்பேட்டை, பலநோக்குக் கூட்டுறவுச் சங்கங்கள், வெளிநாட்டுக்குப் பார்சல் அனுப்புகிற கொம்பனிகள், கிளிநொச்சிப் பக்கம் ஆடைத் தொழிற்சாலை. நேரே போய்க் கேளுங்கள். காலை பத்து மணிக்குப் போகவேண்டாம், அது லொறி இறக்கும் நேரம், ஒருவரும் முகம் கொடுத்துக் கதைக்க மாட்டார்கள். பின்னேரம் மூன்றரைக்குப் பிறகு போனால் ஸ்டோர்கீப்பரே இரண்டு வார்த்தை கதைப்பார்.

என் சொந்த அபிப்பிராயம் ஒன்று: முதல் வேலைக்கு மருந்து அல்லது உணவுப் பொருள் ஸ்டோர் கிடைத்தால் சம்பளம் இரண்டாயிரம் குறைவென்றாலும் போங்கள். காலாவதித் திகதி, தொகுதி எண், குளிர் இதெல்லாம் அங்கேதான் ஒழுங்காகப் பழகலாம். அங்கே பழகியவருக்கு மற்ற ஸ்டோர் எல்லாம் இலகு.

நேர்முகத்தில் ஒரு கேள்வி கட்டாயம் வரும்: "சாமான் குறைந்து வந்தால் என்ன செய்வீங்கள்?" நான் இப்போது ஆட்களைத் தெரிவு செய்யும்போதும் அதைத்தான் கேட்கிறேன். "மனேஜருக்குச் சொல்லுவன்" என்பது பாதிப் பதில். முழுப் பதில் இப்படி இருக்கும்: லொறி நிற்கும்போதே திரும்ப எண்ணுவேன், குறைவை டெலிவரி நோட்டின் எல்லாப் பிரதியிலும் எழுதுவேன், அதற்குக் கீழே சாரதியிடம் கையெழுத்து வாங்குவேன், போனில் படம் எடுப்பேன், லொறி வாசலைத் தாண்டும் முன் அனுப்பியவருக்கு அழைத்துச் சொல்லுவேன்.

எண்ணப் பழகுவது

சிரிக்கவேண்டாம். எண்ணுவதுதான் இந்த வேலையில் கஷ்டமான பகுதி. என்னை வளர்த்தெடுத்தது இரண்டாவது வேலையில் இருந்த ஸ்டோர்கீப்பர் ஐயா. முதல் நாளே சொன்னார்: "பிள்ளை, பேப்பரைப் பார்த்து எண்ணாதை. எண்ணிப்போட்டுப் பேப்பரைப் பார்."

அதன் அர்த்தம் போகப்போகத்தான் விளங்கியது. தாளில் 240 என்று பார்த்துவிட்டால் மனம் 240க்கே எண்ணும். 237இல் தடுமாறினால் "சரி, நான்தான் மூன்றை விட்டிருப்பேன்" என்று தோன்றும். அதனால் டெலிவரி நோட்டை மடித்துச் சட்டைப் பைக்குள் வைத்துவிட்டு வெறும் தாளில் கோடு போட்டு எண்ணுங்கள். நாலு கோடு, குறுக்கே ஒன்று, ஐந்து. எண்ணி முடித்த பிறகு நோட்டை விரியுங்கள்.

எங்கே நின்று எண்ணுவது என்பதும் முக்கியம். லொறிக்குள் ஏறி நின்று எண்ணக்கூடாது, உள்ளே அடுக்கிய பிறகும் எண்ணக்கூடாது. வாசலில் நில்லுங்கள், ஒவ்வொரு பெட்டியும் உங்களைத் தாண்டித்தான் போகவேண்டும். ஐம்பதுக்கு ஒருமுறை கையைத் தூக்கி நிறுத்துங்கள். லொறி உதவியாளரின் எண்ணும் உங்கள் எண்ணும் ஒத்துவந்தால் தொடரலாம். ஒத்துவராவிட்டால் அந்த ஐம்பதை மட்டும் திரும்ப எண்ணினால் போதும், முழு லொறியையும் எண்ணவேண்டியதில்லை. முதல் வாரம் நாட்டாமைமார் முணுமுணுப்பார்கள். தோளில் சுமையோடு நிற்கிறவர்கள், முணுமுணுக்க அவர்களுக்கு நியாயம் உண்டு. அதனால் கெதியாக எண்ணப் பழகுங்கள், தேத்தண்ணி நேரத்தில் நிறுத்திவைக்காதீர்கள். இரண்டாவது மாதம் அவர்களே "ஐம்பது, தங்கச்சி" என்று குரல் கொடுப்பார்கள்.

பலட் என்ற மரத்தட்டில் அடுக்கி வருகிற சாமானில் இன்னொரு பொறி இருக்கிறது. ஒரு பலட்டின் நாலு பக்கத்தையும் பார்த்தேன், ஒவ்வொரு பக்கத்திலும் மூன்று பெட்டி முகம் தெரிந்தது. மூன்று தர மூன்று ஒன்பது, ஐந்து அடுக்கு, 45 என்று எழுதினேன். ஐயா ஒன்றும் சொல்லாமல் மேல் அடுக்கைக் காட்டினார். பெட்டிகளைக் காற்றாடி மாதிரிச் சுற்றி அடுக்கியிருந்தார்கள். இரண்டு பெட்டி நீட்டாக, அடுத்த இரண்டு குறுக்காக, இப்படி நாலு சோடி, எட்டுப் பெட்டி. நடுவில் ஒரு கை போகிற அளவு ஓட்டை. வெளியிலிருந்து பார்த்தால் அந்த ஓட்டை தெரியவே தெரியாது. உண்மையான கணக்கு 40. ஆறு பலட் அப்படி எழுதியிருந்தால் 30 பெட்டி இல்லாமல் போயிருக்கும். பலட் வந்தால் மேலே எட்டிப் பார்த்து ஓர் அடுக்கில் எத்தனை என்று கண்டபிறகுதான் பெருக்கவேண்டும். அடுக்குக்கு அடுக்கு திசையை மாற்றி வைத்திருப்பார்கள், அது சரியாமல் நிற்பதற்காக. மேலடுக்கு அரைகுறையாக இருக்கிறதா என்றும் பாருங்கள்.

எண்ணுக்கு அடுத்தது அலகு. பெரிய இழப்புகள் பல களவால் வருவதில்லை, "பெட்டியா, பக்கெட்டா, டசினா" என்ற குழப்பத்தால் வருகின்றன. சிட்டையில் 10 என்று இருக்கும், அது 24 போத்தல் கொண்ட 10 பெட்டியா, வெறும் 10 போத்தலா? கொம்பனி போன மாதம் வரை பெட்டிக்கு 24 போட்டது, இந்த மாதம் 20 போடுகிறது, வெளிப்பெட்டி அதே நிறம். ஆகவே ஒவ்வொரு புது லோட்டிலும் ஒரு பெட்டியை உடைத்து உள்ளே எண்ணுங்கள். எழுதும்போது எண்ணோடு அலகையும் சேர்த்தே எழுதுங்கள்.

தாள்கள்

உள்ளூர் லொறிக்கு மூன்று தாள் தெரிந்தால் போதும்: அனுப்புகிறவரின் இன்வொயிஸ் என்ற விலைச்சிட்டை, டெலிவரி நோட், நீங்கள் எழுதுகிற ஜீ.ஆர்.என்., அதாவது சாமான் பெற்றுக்கொண்டதற்கான குறிப்பு. ஜீ.ஆர்.என்.இல் எழுதவேண்டியது கையில் வந்த தொகை. இன்வொயிஸைப் பார்த்து ஜீ.ஆர்.என். எழுதுகிறவர் தன் வேலையைச் செய்யவில்லை. ஜீ.ஆர்.என். பார்த்துத்தான் கணக்குப் பகுதி காசு கட்டும். வராத சாமானுக்குக் கொம்பனி காசு கட்டினால் அது உங்கள் பேனையால் கட்டிய காசு.

இறக்குமதி, ஏற்றுமதி என்று வரும்போது தாள் கூடும். இறக்குமதியில் இன்வொயிஸ், எந்தப் பெட்டியில் என்ன என்று சொல்லும் பாக்கிங் லிஸ்ட், பில் ஒஃப் லேடிங் என்ற கப்பல் சரக்குப் பத்திரம் மூன்றும் முதலில் வரும். இவற்றை வைத்துச் சுங்க முகவர் கஸ்டெக் எனப்படும் சுங்கப் பிரகடனத்தை அசிகுடா கணினி முறையில் பதிவார். தீர்வை கட்டி, கப்பல் முகவரிடம் சரக்கை விடுவிக்கும் டெலிவரி ஓர்டர் எடுத்த பிறகுதான் கொன்டெய்னர் வெளியே வரும். பில் ஒஃப் லேடிங்கின் மூலப் பிரதி வெறும் ரசீது இல்லை, சரக்கின் உரிமையே அந்தத் தாளில் இருக்கிறது. வழக்கமாக மூன்று மூலப் பிரதி அச்சிடுவார்கள். அதைக் கூரியரில் அனுப்பும்போது யார் கையில் கொடுத்தீர்கள், எத்தனை மணிக்கு என்று எழுதி வையுங்கள். விமானச் சரக்கின் எயார்வே பில்லுக்கு அந்த உரிமைத் தன்மை கிடையாது.

மூன்று தாளையும் பக்கத்தில் பக்கத்தில் விரித்து ஒப்பிடுவது உங்கள் வேலை. பெட்டி எண்ணிக்கை, மொத்த நிறை, தேறிய நிறை, பெறுகிறவரின் பெயரும் விலாசமும், பொருளின் விபரம், சுங்கத்துக்காகப் பொருளை வகைப்படுத்தும் எச்.எஸ். குறியீடு. அந்தக் குறியீட்டின் முதல் ஆறு இலக்கம் உலகம் முழுவதும் ஒன்றுதான், அதற்குப் பின்னால் வருவது நாட்டுக்கு நாடு வேறுபடும். விலைக்குப் பக்கத்தில் எஃப்.ஓ.பி. என்று இருந்தால் கப்பலில் ஏற்றிவிடும் வரைதான் விற்கிறவர் பொறுப்பு. சி.ஐ.எஃப். என்றால் கப்பல் கூலியும் காப்புறுதியும் அந்த விலைக்குள் அடங்கும். இந்த இரண்டையும் மாறி விளங்கிக்கொண்டால் கூலியை இரண்டுமுறை கட்டுவோம், இல்லாவிட்டால் ஒருவரும் கட்டாமல் சரக்கு நின்றுவிடும்.

கொன்டெய்னர் வாசலுக்கு வந்தால் கதவைத் திறக்கும் முன் இரண்டு எண்ணை ஒப்பிடவேண்டும். ஒன்று கொன்டெய்னர் எண்: நாலு ஆங்கில எழுத்து, ஏழு இலக்கம். சரக்குக் கொன்டெய்னரில் நாலாவது எழுத்து யூ ஆக இருக்கும். கடைசி இலக்கம் சரிபார்ப்பு இலக்கம், முன்னால் உள்ள பத்தையும் வைத்துக் கணக்கிட்டு வருவது. அதனால்தான் நீங்கள் ஓர் எழுத்தை மாற்றிப் பதிந்தால் கணினி ஏற்க மறுக்கிறது. மற்றது சீல் எண். பத்திரத்தில் இருக்கும் சீல் எண்ணும் கதவில் தொங்கும் சீல் எண்ணும் ஒன்றா? வேறென்றால் கைவைக்கவேண்டாம், படம் எடுத்து மேலே அறிவியுங்கள். சரியென்றால் வெட்டும் முன் ஒரு படம், வெட்டிய பிறகு ஒரு படம். வெட்டிய சீலைக் குப்பையில் போடாமல் அந்த லோட்டின் பைலோடு வையுங்கள்.

ஏற்றுமதிக்கு இன்னும் இரண்டு விஷயம். 2016 ஜூலை 1 முதல், ஏற்றப்போகும் கொன்டெய்னரின் மொத்த நிறையை உறுதிப்படுத்திக் கொடுக்காமல் கப்பலில் ஏற்ற முடியாது. குத்துமதிப்பு நிறை எழுதுகிற பழக்கம் இருந்தால் இன்றோடு விட்டுவிடுங்கள். அடுத்தது மரப் பலட். பச்சை மரத்தில் பூச்சி போகும் என்பதால் பல நாடுகள் வெப்பமூட்டி முத்திரை குத்திய மரத்தைத்தான் ஏற்கும். மரத்தின் நடுப்பகுதி 56 பாகை செல்சியஸில் 30 நிமிடம் இருந்திருக்கவேண்டும், அதற்கு எச்.டி. என்ற முத்திரை இருக்கும். பக்கத்து மரக்காலையில் அவசரத்துக்கு அடித்த பலட்டில் சாமானை அனுப்பினால் அங்கே போய்த் திரும்பி வரும்.

நிறையும் இடமும்

யாழ்ப்பாணத்தில் இந்தக் கணக்கு தெரியாத வீடு குறைவு, ஏனென்றால் கனடாவுக்கும் லண்டனுக்கும் பார்சல் போடாத வீடு குறைவு. ஒரு அம்மா ஒடியலும் மிளகாய்த்தூளும் வடகமும் கட்டிக்கொண்டு வருவார். தராசில் 9 கிலோ. பில் 16 கிலோவுக்கு வரும். "என்ன தம்பி, கள்ளத் தராசோ?" என்று கேட்பார். அவருக்கு விளங்கப்படுத்தத் தெரிந்தால் நீங்கள் பாதிக் கிளார்க் ஆகிவிட்டீர்கள்.

பெட்டி 60 சென்ரிமீற்றர் நீளம், 40 அகலம், 40 உயரம் என்று வைப்போம். மூன்றையும் பெருக்கினால் 96,000 கன சென்ரிமீற்றர். விமானச் சரக்கில் இதை வழக்கமாக 6,000ஆல் வகுப்பார்கள்: 16. இதுதான் இட நிறை. உண்மை நிறை, இட நிறை இரண்டில் எது கூடவோ அதற்குத்தான் காசு. கூரியர் கொம்பனிகள் பல 5,000ஆல் வகுக்கும், அப்போது அதே பெட்டி 19.2 கிலோ ஆகிவிடும். விமானத்தில் இடத்துக்கும் காசு உண்டு, அவ்வளவுதான். பெட்டி நிரம்பாவிட்டால் மேற்பகுதியை வெட்டி உயரத்தை 25க்குக் குறைத்துப் பாருங்கள்: 60,000ஐ 6,000ஆல் வகுத்தால் 10 கிலோ. அந்த அம்மாவுக்கு ஆறு கிலோவின் காசு மிச்சம். அடுத்தமுறையும் உங்களிடம்தான் வருவார்.

கப்பலில் மற்றவர்களின் சரக்கோடு சேர்த்துப் போகும்போது ஒரு கன மீற்றர் அல்லது ஒரு தொன், எது கூடவோ அதுதான் கணக்கு. மேலே சொன்ன பெட்டி பத்து வைத்தால் 0.96 கன மீற்றர், கிட்டத்தட்ட ஒரு அலகு. இருபது அடிக் கொன்டெய்னரின் உள்ளளவு ஏறத்தாழ 33 கன மீற்றர், நாற்பது அடி 67. ஆனால் இடுக்கு, பலட், ஒழுங்கில்லாத பெட்டி எல்லாம் போக முழுவதையும் நிரப்ப முடியாது. நான் இருபது அடிக்கு 27, 28க்கு மேல் வாக்குக் கொடுப்பதில்லை.

சாமானை வைக்கும் விதம்

ஐப்பசி கார்த்திகை மழை தொடங்கும் முன் கூரையைப் பாருங்கள், வாசல் படியின் உயரத்தைப் பாருங்கள். நிலத்தில் நேரே ஒன்றையும் வைக்காதீர்கள், சுவரோடு ஒட்டியும் வைக்காதீர்கள். ஓர் ஆள் நடக்க இடம் இருந்தால் ஈரமும் எலியும் கண்ணில் படும். சீமெந்து 50 கிலோ மூட்டை, 20 மூட்டை ஒரு தொன். பத்து மூட்டைக்கு மேல் உயர்த்தினால் அடி மூட்டை இறுகிவிடும். முதலில் வந்தது முதலில் போகவேண்டும் என்பது பொது விதி. உணவுக்கும் மருந்துக்கும் அதைவிட ஒரு விதி மேலே நிற்கும்: முதலில் காலாவதியாவது முதலில் போகவேண்டும். நேற்று வந்த லோட்டின் திகதி போன மாதம் வந்ததைவிட முந்தியதாக இருப்பது உண்டு. உறைந்த நண்டும் மீனும் கழித்தல் 18 பாகையில் நிற்கவேண்டும். லொறி வந்தவுடன் கதவைத் திறந்து வெப்பமானியைப் பார்த்து எழுதுங்கள், பிறகுதான் எண்ணிக்கை.

பலட் தூக்கும் வண்டியான போர்க்லிப்ட் ஓடும் இடத்தில் போனைப் பார்த்துக்கொண்டு நடக்கவேண்டாம். தூக்கிய சுமைக்குக் கீழே ஒருபோதும் நிற்கவேண்டாம். முதுகை வளைத்துத் தூக்காமல் முழங்காலை மடித்துத் தூக்குங்கள். இருபத்தைந்து வயதில் முதுகு போனவர்களை எனக்குத் தெரியும்.

கணினியும் மொழியும்

எக்செல் கட்டாயம். பெரிதாக ஒன்றும் வேண்டாம். கூட்டல், வடிகட்டல், வி-லுக்கப், பிவட் டேபிள், இந்த நாலும் தெரிந்தால் ஸ்டோரில் நீங்கள்தான் ராசா. ஒரு வரியில் ஒரு பதிவு மட்டும் போடுங்கள்: திகதி, டெலிவரி நோட் எண், லொறி எண், பொருள் குறியீடு, அலகு, வந்தது, குறைவு, சேதம், தொகுதி எண், காலாவதி. அழகுக்காகக் கட்டங்களை இணைக்காதீர்கள், பிறகு வடிகட்ட முடியாது. திகதியில் 03/04 என்று எழுதினால் கணினி அதை மார்ச் 4 என்று எடுக்கலாம், ஏப்ரல் 3 என்றும் எடுக்கலாம். மாதத்தை எழுத்தில் போடுங்கள்.

ஒவ்வொரு நாளும் பத்துப் பொருளை மட்டும் எடுத்து, தாளில் இருப்பதும் தட்டில் இருப்பதும் ஒன்றா என்று எண்ணிப் பாருங்கள். விலை கூடியவற்றையும் கெதியாக ஓடுகிறவற்றையும் அடிக்கடி எண்ணவேண்டும், மற்றவற்றை மாதம் ஒருமுறை. இப்படிச் செய்தால் வருட இறுதிக் கணக்கெடுப்பில் இரவு முழுக்க விழித்திருக்கத் தேவை வராது.

சிங்களம் பேசப் பழகுங்கள். இதைச் சொன்னால் சிலருக்குப் பிடிக்காது, ஆனால் வேலைக்கு வேண்டியது வேலைக்கு வேண்டியதுதான். வருகிற சாரதிகளில் பலர் சிங்களவர், தலைமை அலுவலகம் கொழும்பில். முதலில் எண்கள், பிறகு ஸ்டோர்ச் சொற்கள். "பெட்டி" அவர்களுக்கும் பெட்டிதான். "பெட்டி கீயத?" என்றால் எத்தனை பெட்டி. "தெகக் அடுயி" என்றால் இரண்டு குறைவு. அவரின் மொழியில் அமைதியாக இதைச் சொன்னால் சண்டையே வராது, அவரே இறங்கி வந்து உங்களோடு எண்ணுவார். ஆங்கிலம் மின்னஞ்சலுக்கு வேண்டும். நீளமான ஆங்கிலம் தேவையில்லை: எந்த லோட், எத்தனை குறைவு, என்ன வேண்டும், எப்போது வேண்டும்.

சம்பளமும் உரிமையும்

வேலைக்குச் சேரும்போது நியமனக் கடிதம் கேளுங்கள். கடை மற்றும் அலுவலக ஊழியர் சட்டப்படி அது உங்களுக்கு உரியது. அந்தச் சட்டத்தில் சாதாரண வேலை நேரம் நாளுக்கு 8 மணித்தியாலம், வாரத்துக்கு 45. அதற்கு மேல் செய்தால் ஒன்றரை மடங்கு மேலதிகக் கொடுப்பனவு. ஊழியர் சேமலாப நிதிக்கு உங்கள் சம்பளத்திலிருந்து 8 வீதம் கழிந்தால் முதலாளி 12 வீதம் சேர்க்கவேண்டும். அதற்கு மேலாக ஊழியர் நம்பிக்கை நிதிக்கு முதலாளி தன் பக்கத்திலிருந்து 3 வீதம் கட்டவேண்டும். கழித்தால் மட்டும் போதாது, கட்டியிருக்கிறார்களா என்று பாருங்கள். சம்பளச் சிட்டையை மாதாமாதம் சேர்த்து வையுங்கள். "சின்ன இடம், அதெல்லாம் இல்லை" என்பார்கள். ஒரு ஆள் வேலை செய்தாலும் அந்த நிதி உண்டு.

பெண் பிள்ளைகளுக்கு ஒரு வார்த்தை. விடியப்புற லொறி, இரவு லோடிங் என்று வரும்போது போக்குவரத்தை யார் பார்ப்பது என்று சேரும் நாளிலேயே கேளுங்கள். கேட்பதால் வேலை போகாது. கேட்காமல் சேர்ந்து ஆறு மாதத்தில் விட்டுப்போன கெட்டிக்காரப் பிள்ளைகளை நான் கண்டிருக்கிறேன். கணக்கில் அவர்களை அடிக்க ஆளில்லை, வீடு போகப் பஸ்தான் இல்லை.

மேலே போகும் வழி

கிளார்க், உதவி ஸ்டோர்கீப்பர், ஸ்டோர்கீப்பர், சுப்பர்வைசர், வெயார்ஹவுஸ் மனேஜர். ஏணி இதுதான். முதல் இரண்டு வருடத்தில் ஒரே இடத்தில் இருந்து வருகை, போக்கு, இருப்பு மூன்றையும் பழகுங்கள். ஐநூறு ரூபாய் கூட என்று நாலு மாதத்துக்கு ஒரு கொம்பனி மாறினால் எந்த இடத்திலும் சாவி உங்கள் கைக்கு வராது. சாவி கைக்கு வந்தால்தான் ஸ்டோர்கீப்பர்.

படிப்பும் வேண்டும். இலங்கையில் என்.வி.கியூ. எனப்படும் தேசிய தொழிற் தகைமை ஏழு மட்டம் வரை உண்டு. வகுப்புக்குப் போகாமல், செய்த வேலையையே காட்டி மதிப்பிட்டுத் தகைமை பெறும் வழியும் அதில் இருக்கிறது. கிட்ட இருக்கிற தொழிற்பயிற்சி நிலையத்தில் உங்கள் அனுபவத்துக்கு எது பொருந்தும் என்று கேளுங்கள். சுப்பர்வைசருக்கு மேலே போக நினைக்கிறவர்கள் சி.ஐ.எல்.டி. எனப்படும் போக்குவரத்து, விநியோகத் துறைத் தொழில் அமைப்பின் இலங்கைக் கிளை நடத்தும் பாடநெறிகளை விசாரியுங்கள். சுங்கப் பக்கம் விருப்பமென்றால் கொழும்பில் ஒரு சுங்க முகவரிடம் ஒரு வருடம் நின்று வாருங்கள். அந்த ஒரு வருடம் இங்கே ஐந்து வருட மதிப்புப் பெறும்.

கட்டார், துபாய் என்று போக நினைக்கிறவர்கள் வெளிநாட்டு வேலைவாய்ப்புப் பணியகத்தில் பதியாமல் போகவேண்டாம், முகவருக்கு அனுமதிப்பத்திரம் இருக்கிறதா என்று முதலில் பாருங்கள். அங்கே கேட்பது சேவைக் கடிதம். "நன்றாக வேலை செய்தார்" என்ற கடிதத்தால் பயன் குறைவு. எத்தனை பொருள் வகை, எவ்வளவு பெரிய ஸ்டோர், என்ன மென்பொருள், எத்தனை பேர் கீழே வேலை செய்தார்கள் என்று எழுதி வாங்குங்கள்.

ஒரு இடத்தை விட்டுப் போகும்போது சும்மா சாவியைக் கொடுத்துவிட்டு வந்துவிடாதீர்கள். உங்களுக்குப் பிறகு வருகிறவரோடு சேர்ந்து இருப்பை எண்ணுங்கள், ஒவ்வொரு பக்கத்திலும் இருவரும் கையெழுத்துப் போடுங்கள், மனேஜரின் முத்திரையோடு ஒரு பிரதியை வீட்டுக்குக் கொண்டுவாருங்கள். ஐயாவின் ஸ்டோரை விட்டு நான் வந்து எட்டு மாதம் கழித்து ஒரு பால்மா லோட் குறைகிறது என்று போன் வந்தது. அலுமாரியிலிருந்து அந்தப் பிரதியை எடுத்து 14ஆம் பக்கத்தைப் படம் பிடித்து அனுப்பினேன். அன்று பின்னேரம் ஐயா அழைத்தார். "பிள்ளை, சரி, அது இங்கைதான் கிடக்கு. மற்ற ராக்கையிலை மாறி வைச்சிருக்கிறாங்கள்."